கூத்துக் களரியும் கிராமத்து இளைஞரும்

மட்டக்களப்பு நாட்டிலே ஒரு கிராமம் கூத்துப் பழகுகின்றது என்னுஞ் செய்தியை அயற்கிராமத்தவருக்கு எவரும் சொல்லியனுப்ப வேண்டியதில்லை. வேளாண்மை வெட்டி, சூடடித்து, நெல் வீடு வந்து சேர்ந்தபின், இரவு உணவு முடியும் வேளையில் ஊர்ப்புறத்திலிருந்து மத்தள ஒலி எழத் தொடங்கும். அறுவடை முடிந்த வெறும் வயல்வெளியைத் தாண்டி அவ்வொலி நெடுந்தூரம் செல்லும். கேட்டவர்கள், இவ்வாண்டு அந்த ஊரார் கூத்துக் கட்டுகிறார்கள் என்று தமக்குள் பேசிக்கொள்வர். எந்தக் கூத்து, அண்ணாவியார் யார், அரசவேடம் எவர் மகனுக்கு என்ற செய்திகள் பின்னர் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

இவ்வாறு பழகுவோர் பெரும்பாலும் அவ்வூரின் இளைஞர்களே. பகலில் வயலிலும் வாவியிலும் கடலிலும் தொழில் செய்பவர்கள், நாடகப் பள்ளி எதிலும் பயின்றவர்களல்லர், கூலிக்கு ஆடுபவர்களுமல்லர். ஆயினும், ஓர் இரவு முழுவதும் பாடியும் ஆடியும் நடிக்கத்தக்க ஓர் இசைநாடகத்தைத் தம் உழைப்பினாலே உருவாக்கிவிடுகின்றனர். இது எவ்வாறு நிகழ்கின்றது, கடந்த நூற்றாண்டில் இதற்கு நேர்ந்த மாற்றங்கள் எவை, அம்மாற்றங்களால் நாம் பெற்றவை எவை, இழந்தவை எவை என்பனவற்றைச் சிந்திப்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். பாரத இராமாயணக் கதைகளும் அவற்றிலே வரும் போர்களும் வடமோடிக்குப் பெரிதும் உரியன. வீராவேசமான ஆட்டமும் பாரமான உடையணிகளும் அதன் சிறப்பாம். தென்மோடியிலே காதற் கதைகளும் கற்பனை அரசர் கதைகளும் மிகுதி. பாடல்கள் நீண்டிழைந்து செல்லும். இருவகையிலும் கதை பாட்டினாலேயே நடத்தப்படுகின்றது. விருத்தம், தரு, கொச்சகம், வெண்பா, அகவல் முதலியன மாறிமாறி வர, இடையிடையே வசனம் வந்து கதையை இணைக்கும். கூத்தன் தன் பாட்டைத் தானே பாடுவான். பிற்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடுவர். அவர்கள் பாடும்போது கூத்தன் அப்பாட்டின் தாளத்துக்கு ஆடுவான். எனவே குரலும் காலும் ஒருங்கே வசப்படாத ஒருவன் கூத்தனாதல் இயலாது.

இதனைப் பயிற்றுபவர் அண்ணாவியார். பாட்டு, ஆட்டம், மத்தளம், கதை ஆகிய நான்கையும் அறிந்தவரே அப்பெயருக்கு உரியவர். சொந்த ஊரில் அண்ணாவியார் இல்லையாயின் அயலூரிலிருந்து அழைத்து வருவர். கூத்துக் கட்டுவதென்று ஊர்ப்பெரியோர் முடிவு செய்ததும், இளைஞர்கள் அவர் முன்னிலையில் ஒன்று கூடுவர். குரலைப் பாடச் செய்து பார்த்து, உயரத்தையும் உடற்கட்டையும் நோக்கி, இன்னாருக்கு இன்ன வேடம் என்று வகுப்பார். மென்குரலும் மெல்லிய உடலும் வாய்த்த சிறுவர்க்குப் பெண்வேடம் கிடைக்கும். மரபுவழிக் களரியிலே பெண்வேடமும் ஆண்மக்களே தாங்கியதாகும். வேடம் வகுப்பதிலே குரலோடும் தோற்றத்தோடும் குடும்பச் செல்வாக்கும் குலப்பெருமையும் சேர்ந்து தீர்ப்புச் சொன்ன ஊர்களும் உண்டு. அரசவேடத்துக்காக எழுந்த மனத்தாங்கல் கூத்து முடிந்த பின்னும் ஆறாதிருந்ததும் உண்டு. கூத்தைப் புகழவந்த நாம் இதனை மறைத்தல் முறையன்று.

வேடம் வகுத்தபின் நல்ல நாளிலே சட்டங்கொடுத்தல் என்னுஞ் சடங்கு நிகழும். அவரவர் பாடவேண்டிய பாடல்களும் வசனமும் எழுதிய ஏட்டினை அண்ணாவியார் கையளிக்க, இளைஞன் வணங்கிப் பெற்றுக்கொள்வான். பழைய நாளில் ஓலையாக இருந்தது பின்னர்க் கொப்பியாயிற்று. வணக்கம் மட்டும் மாறவில்லை. அன்று முதல் அவன் வாயில் அப்பாட்டே இருக்கும். மாட்டுக்குப் பின்னே செல்லும்போதும் வரம்பு கட்டும்போதும் அதனையே முணுமுணுப்பான். எழுத்தறியாதவனுக்கு வீட்டிலுள்ள தம்பியோ தங்கையோ வாசித்துக் காட்ட, அவர்களுக்கும் அப்பகுதி மனப்பாடமாகும். ஒரு வேடத்தைக் கொடுத்தாரென்றால், ஒரு வீட்டுக்கே அண்ணாவியார் பாடஞ் சொல்லிவிட்டார் என்பதே பொருள்.

தாளக்கட்டுகளை முதலிலே காலுக்குப் பழக்குவர். பிறகு பாட்டையும் ஆட்டத்தையும் இணைப்பர். வாரந்தோறும் ஒருநாள் ஊரார் பார்த்திருக்க, பழகிய அளவை ஆடிக்காட்டுவதும் உண்டு. அதனைக் கிழமைக் கூத்து என்பர். ஆட்டம் ஓரளவு தேறியபின் சதங்கை அணியும் நாள் வரும். அதுவரை வெறுங்காலில் ஆடியவனின் காலிலே முதன்முறையாக ஒலி பிறக்கும். அவ்வொலியே இனிக் குற்றத்தையும் காட்டிக்கொடுக்கும். தவறி வைத்த ஓரடியை மத்தளக்காரர் மட்டுமன்றி வேலியோரத்து நிற்கும் கிழவியும் கேட்டுவிடுவார். அதன்பின் முழுக்கூத்தையும் தொடர்ந்து ஆடிப்பார்க்கும் அடுக்குப்பார்த்தல் நடைபெறும். இறுதியாக அரங்கேற்றம். இத்தனை படிகளும் முடிவதற்கு மாதங்கள் பல செல்லும்.

அரங்கேற்ற நாளிலே ஊரின் வெளியான இடத்தில் மண்ணை உயர்த்தி வட்டக்களரி அமைப்பர். மேலே வெள்ளை கட்டிச் சுற்றிலும் விளக்கேற்றுவர். பந்தமும் எண்ணெய் விளக்கும் இருந்த இடத்தைப் பின்னர்ப் பெற்றோல்மாக்ஸ் விளக்கும் மின்விளக்கும் பிடித்துக்கொண்டன. களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்பார். தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் அவரைச் சூழ்ந்திருப்பர். அவர்களைச் சுற்றிக் கூத்தர் ஆடுவர். அவர்களையும் சுற்றிப் பாயிலும் மண்ணிலும் ஊர் அமர்ந்திருக்கும். எத்திசையில் இருப்பவருக்கும் கூத்தன் ஒரு சுற்றிலே முகங்காட்டியாக வேண்டும். வட்டக்களரியிலே பின்வரிசை என்று ஒரு பக்கம் இல்லை.

கட்டியகாரன் வந்து அரசன் வரவு கூறுவான். வடமோடி அரசன் அகன்று விரிந்த கரப்புடுப்பும் கண்ணாடி பதித்த முடியும் தோளணியும் மார்பணியும் தாங்கி வருவான். அந்தப் பாரத்தோடு ஆடிப்பாடுவது எளிதன்று. வந்தவன் தன்னை யாரென்று பாட்டிலே அறிவித்து, பல தாளங்களுக்கு ஆடிய பின்னரே கதை நகரும். இவ்வாறு ஒவ்வொருவர் வரவும் முடிந்து கதை வளர்ந்து போர் மூண்டு முடியும்போது கிழக்கு வெளுத்துவிடும். விடிந்த பின்னும் கூத்து முடிந்துவிடுவதில்லை. கூத்தர் வேடத்துடன் வீடு வீடாகச் சென்று சிறுபகுதி ஆடிக்காட்ட, ஊரார் தம் அன்பளிப்பை வழங்குவதும் மரபாகும். களரிக்கு வர இயலாத முதியவரின் முற்றத்துக்கு அரசனே நேரில் வருகின்றான் என்று கொள்க.

இங்கே ஒரு கேள்வி எழலாம். ஒரு கதையைச் சொல்வதற்கு ஓர் இரவு முழுவதும் வேண்டுமா? நகரத்திலிருந்து கூத்துப் பார்க்க வந்தவர் பலர் இக்கேள்வியைக் கேட்டுள்ளனர். கதையளவில் நோக்கினால் அவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் கூத்தின் நீளத்தை அளக்கவேண்டிய கோல் வேறு. மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளின் கத்தோலிக்கக் கிராமங்களை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆடப்படும் நாட்டுக்கூத்துகளில் ஒரே பாத்திரத்தை இருவர் மூவர் பங்கிட்டு ஆடுவது வழக்கம். கதையின் முற்பகுதி அரசன் ஒருவன். பிற்பகுதி அரசன் இன்னொருவன். நாடக இலக்கணம் மட்டும் அறிந்தவர் இதனைக் குறையென்பர். ஊரின் பக்கம் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். ஆடுவதற்கு இளைஞர் பலர் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவனும் வெறுங்கையோடு வீடு செல்லலாகாது. ஆகவே வேடங்கள் பெருகின. வேடங்கள் பெருகவே இரவும் நீண்டது. மட்டக்களப்பிலே ஒவ்வொரு கூத்தனுக்கும் நீண்ட வரவாட்டம் அளிக்கப்படுவதையும் இவ்வாறே கொள்ளலாம். தன் மகன் களரிக்கு வந்து ஆடுவதைக் காணக் காத்திருக்கும் தாய்க்கு அந்த ஆட்டம் நீளமென்று தோன்றுவதில்லை.

இவ்வளவு சிறப்புடைய கலையைக் கற்றோர் நெடுங்காலம் மதிக்கவில்லை. கூத்தாடி என்ற சொல்லே வசைச்சொல்லாக வழங்கிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தமிழகத்து நாடகக் குழுவினரின் செல்வாக்கினால் திரைச்சீலையும் காட்சியமைப்பும் ஆர்மோனியமுங் கொண்ட நாடகங்கள் இங்கே பரவின. நகரத்துக் கற்றோர் சபை அமைத்து மேடை நாடகம் நடித்தனர். நாடகம் என்பது அதுவே, கூத்து என்பது பாமரர் பொழுதுபோக்கு என்ற எண்ணம் வேரூன்றிற்று. பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளையைக் களரிப் பக்கம் போகாதே என்று பெற்றோரே தடுத்தனர். இளைஞரே கூத்தின் உயிராதலால், இத்தடை அக்கலையின் வேரிலேயே விழுந்த வெட்டாகும்.

இந்நிலை மாறுவதற்குத் தூண்டுகோலாக அமைந்தவற்றுள் ஒன்று சிங்கள நாடக உலகிலே நிகழ்ந்தது. 1956ஆம் ஆண்டு பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர அவர்கள் மனமே என்னும் நாடகத்தைக் கொழும்பிலே மேடையேற்றினார். அதன் வடிவம் நாடகம என்று சிங்களத்தில் வழங்கிய பழைய கிராமிய இசைநாடகத்தைத் தழுவியது. அந்த நாடகமவோ மேற்குக் கரையோரத் தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்தோடு நெருங்கிய உறவுடையது என்பது அறிஞர் கருத்து. தமிழ்க் கிராமத்தவன் கடற்கரையில் ஆடிய ஆட்டம், சிங்களக் கிராமத்தவன் வாயிலே புகுந்து, தலைநகர மேடையிலே பெருமையோடு நின்றது. இதனைக் கண்ட தமிழறிஞர், நம் வீட்டு முற்றத்தில் உள்ளதை நாம் என்ன செய்தோம் என்று தம்மைத் தாமே கேட்கலாயினர்.

அவ்வாறு கேட்டவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் கற்பித்த அவர், இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைமையை ஏற்று ஊரூராகச் சென்றார். அண்ணாவிமாரைச் சந்தித்தார், கூத்துகளை விடிய விடியப் பார்த்தார், ஏடுகளைத் தேடிப் பெற்றார். அலங்காரரூபன் நாடகம் 1962இல் அவரால் பதிப்பிக்கப்பெற்றது. மன்னாரின் நாடகங்களும் அவர் முயற்சியால் அச்சேறின. 1964இல் வெளிவந்த வி. சீ. கந்தையா அவர்களின் மட்டக்களப்புத் தமிழகம் என்னும் நூலும் அப்பகுதியின் கலைவளத்தைப் பிற பகுதித் தமிழர் அறிய உதவியது.

அச்சிடுதலோடு வித்தியானந்தன் நின்றுவிடவில்லை. பல்கலைக்கழக மாணவரையே கூத்தராக்கினார். 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், அவற்றைத் தொடர்ந்து அறுபதுகளிலேயே இராவணேசன், வாலிவதை ஆகியன மேடையேறின. அம்மாணவருக்கு ஆட்டம் பழக்குவதற்கு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் அழைக்கப்பட்டார். இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தப் பட்டமும் பெறாத ஒரு கிராமத்து ஆசிரியர் முன்னிலையிலே பட்டம் பெறவிருந்த மாணவர் கைகட்டி நின்று அடிவைக்கக் கற்றனர். அம்மாணவருட் சிலர் கூத்து வழங்கும் ஊர்களிலிருந்தே வந்தவர்கள். சிறுவயதிலே கண்டதைப் பல்கலைக்கழகத்திலே வெட்கமின்றி ஆடும் உரிமை அவர்களுக்கு அப்போதே கிடைத்தது. படித்த பிள்ளை கூத்தாடலாமா என்ற வினாவுக்கு இதைவிடச் சிறந்த விடை வேறில்லை.

மேடைக்கு வந்த கூத்து சில மாற்றங்களை ஏற்க நேர்ந்தது. ஓரிரவு ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது. வரவாட்டங்கள் குறைந்தன, திரும்பத் திரும்ப வந்த பாடல்கள் நீங்கின. பாத்திரத்தின் உணர்ச்சிக்கு முதன்மை தரப்பட்டது. வட்டக்களரியில் நாற்புறமும் நோக்கி ஆடிய கூத்தன், ஒருபுறம் மட்டும் திறந்த மேடையிலே ஒருபுறமே நோக்கி ஆடவேண்டியதாயிற்று. நடுவில் நின்ற அண்ணாவியார் மேடையின் ஓரத்துக்குச் சென்றார். இம்மாற்றங்கள் தேவையற்றவை என்று கூறமாட்டோம். இவையின்றேல் நகரத்தவர் கூத்தினை நாடகமென்று ஏற்றிருக்க மாட்டார்கள். சி. மௌனகுரு அவர்களின் சங்காரம் போன்று, பழைய ஆட்டத்திலே புதிய சமுதாயக் கருத்தைச் சொல்லும் நாடகங்கள் தோன்றுவதற்கும் இவ்வழியே இடங்கொடுத்தது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. இரவைச் சுருக்கும்போது வேடங்களுஞ் சுருங்குகின்றன. நாற்பது இளைஞர் ஆடிய இடத்திலே பதினைந்து பேர் போதுமென்றாகிறது. சிறந்த குரலும் சிறந்த காலும் உடையவன் எஞ்சுகின்றான். நடுத்தரமானவன் பார்வையாளர் பக்கம் சென்று அமர்கின்றான். மேடைக்கு இது நன்மை. ஊருக்கு இது நன்மையா? கட்டியகாரனாக இரண்டு பாட்டுப் பாடியவனும், ஏவலாளனாக ஒரு சுற்று ஆடியவனும் அக்கூத்தின் மற்றைப் பாடல்கள் அனைத்தையும் மாதக்கணக்கிற் கேட்டு மனத்திற் பதித்திருந்தார்கள். நாளை அண்ணாவியாராகக் கூடியவன் அரசவேடம் தாங்கியவனாகவே இருக்க வேண்டுமென்ற நியதி இல்லை. மூலையிலே நின்ற ஏவலாளனாகவும் இருக்கலாம். அவனுக்கு இடமில்லாத கூத்துக்கு அடுத்த தலைமுறை அண்ணாவியார் எங்கிருந்து வருவார்?

இக்கேள்விக்கு அமைதியாக விடை காணும் வாய்ப்பு நம் கிராமங்களுக்குக் கிட்டவில்லை. எண்பதுகளிலே போர் மூண்டு, 2009 வரை நீடித்தது. இரவிலே கூடி விடியுமட்டும் ஆடவேண்டிய கலைக்கு இரவு நடமாட்டமே ஆபத்தாயிற்று. இளைஞர் பலர் இடம்பெயர்ந்தனர், பலர் கடல் கடந்து சென்றனர், பலர் திரும்பவேயில்லை. 2004 டிசம்பர் 26இல் எழுந்த கடற்கோள் கிழக்குக் கரையோரக் கிராமங்கள் பலவற்றைச் சிதைத்தது. உடுப்பும் முடியும் அழிந்தால் மீண்டும் செய்யலாம். பழகுவதற்கு வரவேண்டிய இளைஞர் கூட்டம் சிதறினால் அதனை எந்தத் தச்சன் செய்து தருவான்?

அப்படியிருந்தும் மத்தளம் முற்றாக ஓய்ந்துவிடவில்லை. செல்லையா அண்ணாவியாரின் ஊராகிய வந்தாறுமூலையிலேயே கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்தது. அங்கே கூத்து ஒரு கல்வித்துறையாகப் பயிலப்படுகின்றது. மட்டக்களப்பின் சீலாமுனைக் கிராமத்திலே சி. ஜெயசங்கர் அவர்கள் ஊரவரோடு சேர்ந்து கூத்து மீளுருவாக்கம் என்னும் முயற்சியைத் தொடங்கினார். கூத்தினை மேடைக்குக் கொண்டுபோவதினும், அது பிறந்த களரியிலேயே வைத்து, ஆடுபவர்களே கூடிப்பேசி, காலத்துக்கு ஒவ்வாதவற்றை மாற்றிக்கொள்வது நல்லதென்பது அம்முயற்சியின் கருத்தாகும். முன்னே நாம் கூறிய குலப்பெருமை போன்ற குறைகளைக் களைவதற்கும் இதுவே நேரான வழியெனலாம். வெளியார் திருத்தும் கூத்தினும், ஊரார் தாமே வாதாடித் திருத்தும் கூத்து ஊரிலே நிலைக்கும்.

ஏட்டைப் பதிப்பித்த அறிஞருக்கும், கூத்தை மேடையேற்றிய பேராசிரியருக்கும் நாம் கடன்பட்டுள்ளோம். அவர்கள் கூத்தின் மானத்தைக் காத்தனர். அதன் உயிரைக் காக்கும் பொறுப்பு அவர்கள் கையில் மட்டும் இருந்ததில்லை. அது, வேளாண்மை முடிந்த ஓர் இரவிலே அண்ணாவியார் வீட்டு முற்றத்துக்கு வந்து, எனக்கும் ஒரு வேடம் தாருங்கள் என்று கேட்கும் இளைஞனிடத்திலே இருந்தது. இன்றும் அவனிடத்திலேயே இருக்கின்றது. ஆகவே, ஒரு கிராமத்தில் கூத்து வாழ்கின்றதா என்று அறிய விரும்புவோர், அங்கே எத்தனை அரங்கேற்றம் நடந்தது என்று மட்டும் கேட்டல் போதாது. இவ்வாண்டு அங்கே எத்தனை பிள்ளைகள் சட்டம் வாங்கினார்கள் என்றும் கேட்க வேண்டும். அந்த எண்ணிக்கை ஒன்றாயினும் கூடியதென்றால், அவ்வூர் வயல்வெளியைத் தாண்டி மத்தள ஒலி இன்னுஞ் சிலகாலம் கேட்கும் என்று நாம் நம்பியிருக்கலாம்.